கடலை மிட்டாய்க்கு மெஷின் பார்த்த கதை

போன செமஸ்டர் லீவில் எனக்கு ஒரு வேலை வந்தது. சம்பளம் கிடையாது. எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் வாங்கப் போகும் பேக்கிங் மெஷினுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. அந்த மெஷின் வந்தால் வேலை போகக்கூடிய நான்கு பேரில் ஒருவர் என் அம்மா!

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவேங்கடம், தென்காசி மாவட்டம். பஸ் ஏறினால் கோவில்பட்டி பக்கம்தான். கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, அதை விட்டால் கடலை மிட்டாய். அந்தக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது கோவில்பட்டிக்கும், தூத்துக்குடி மாவட்டத்தில் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும்தான். நாங்கள் மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம். அதனால் அண்ணாச்சி தன் பாக்கெட்டில் அந்தப் பெயரைப் போட முடியாது. சரக்கு நன்றாக இருந்தால்தான் விற்கும்.

சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, போடும் அன்றைக்கு. பிரச்சினை அதற்கப்புறம். வெல்லம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், மிட்டாய் நமுத்துப் பிசுபிசுக்கும். கடலையில் இருக்கும் எண்ணெய் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அம்மாவும் மற்ற மூன்று பேரும் ஒவ்வொரு துண்டாகக் கவரில் போட்டு சீலிங் மெஷினில் அழுத்துகிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில பாக்கெட்டில் காற்று போய்விடும். மழைக்காலத்தில் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

"தம்பி, நீ பி.காம் தான படிக்க? ஃப்ளோ ராப் மெஷினாம். வாங்கலாமா வேண்டாமான்னு கணக்குப் பாத்துச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

ஃப்ளோ ராப் என்றால் வேறொன்றும் இல்லை. ஃபைவ் ஸ்டார் சாக்லேட் உறையைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் நீளமாக ஒரு ஒட்டு, இரண்டு முனையிலும் பல் பல்லாக ஒட்டு. சுருளில் இருந்து ஃபிலிம் இறங்கி, ஒரு மடிப்புப் பெட்டி வழியாகப் போய்க் குழாய் மாதிரி மடியும். சங்கிலியில் வரும் மிட்டாய் அந்தக் குழாய்க்குள் நுழையும். அடியில் சூடான சக்கரங்கள் முதுகை ஒட்டும், கடைசியில் பல் வைத்த தாடை முனைகளை ஒட்டி வெட்டும். இதையே நின்ற வாக்கில் செய்யும் மெஷினும் உண்டு. அது மேலே இருந்து கொட்டும் மிக்சர், சிப்ஸுக்குத்தான் சரி. மிட்டாய் வில்லையை அப்படிப் போட்டால் உடைந்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் மெஷின் ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள். போனோம். நிமிடத்துக்கு 120 பாக்கெட். சோப்புக் கட்டியை வைத்து ஓட்டினார்கள், தண்ணீர் மாதிரி ஓடியது. அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! அப்புறம் நாங்கள் கையோடு கொண்டு போன மிட்டாயைப் போடச் சொன்னேன். முதல் பத்து, பதினைந்து வந்தது. அப்புறம் ஒரு துண்டின் ஓரம் உடைந்து தாடைக்கு நடுவில் மாட்டியது, மெஷின் நின்றது. மேலே தூவியிருந்த கலர் தேங்காய்த் துருவலும் ஒட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். குமிழ் குமிழாக வந்தது. கையில் சீல் வைத்ததும் இதுவும் ஒன்றுதான்.

ஆக முதல் பாடம்: நம் சரக்கைக் கொண்டு போய் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நன்றாக ஆறிய மிட்டாய், ஒரே அளவாக வெட்டிய மிட்டாய், தாடைக்கு முன்னாலேயே தூளைத் தட்டிவிட ஒரு பிரஷ், துண்டு கோணலாக வந்தால் தாடை மூடாமல் நிற்கும் வசதி - இதெல்லாம் வேகத்தைவிட முக்கியம்.

இரண்டாவது, வேகம். அண்ணாச்சி ஒரு நாளைக்குப் போடுவது 8,000 துண்டு. நிமிடத்துக்கு 120 என்றால் 67 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் மெஷின் சும்மா நிற்கும், வட்டி சும்மா நிற்காது. 40-ல் ஓட்டினாலே 3 மணி 20 நிமிடம்தான். நம்முடைய வேகம் அடுப்பிலும், ஆற வைக்கும் பலகையிலும்தான் இருக்கிறது.

மூன்றாவது, அளவு. ஸ்கிரீனில் தட்டினால் எல்லா அளவும் மாறும் என்றார்கள். துருவிக் கேட்டால், சர்வோ மோட்டாரில் மாறுவது பாக்கெட்டின் நீளம் மட்டும்தான். அகலமும் உயரமும் மாற மடிப்புப் பெட்டியைக் கழற்றி மாட்ட வேண்டும். அண்ணாச்சி போடுவது மூன்று சைஸ். ஃபிலிமில் அச்சடிக்க ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர், அதுவும் சைஸுக்குத் தனித்தனி. இதெல்லாம் கொட்டேஷனில் இல்லாத செலவு.

நான்காவது, நான் படித்தது உருப்படியாக உதவிய இடம். கடலை மிட்டாய்க்கு ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மெஷினுக்கு 18 சதவீதம். 10 லட்சம் மெஷின் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 1,80,000. அண்ணாச்சி இருப்பது காம்போசிஷன் திட்டத்தில், அதில் இந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது மட்டுமல்ல, வெளி மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. அவர் மெஷின் வாங்க நினைப்பதே செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கு அனுப்பத்தான்! "முதல்ல சாதாரண பதிவுக்கு மாறுங்க அண்ணாச்சி, மெஷின் அப்புறம்" என்றேன். அவர் ஆடிட்டரும் சரி என்று சொல்லிவிட்டார். (காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.)

இதையெல்லாம் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "ஏலே, கருகுன பருப்ப மிஷினு பொறுக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். பொறுக்காது. கருகினது, உடைந்தது, எடை குறைந்தது, முடி விழுந்தது, எது வந்தாலும் அழகாக உறை போட்டு அனுப்பும். இவ்வளவு நாளும் அம்மா கவரில் போடுவதற்கு மட்டும்தான் கூலி வாங்கினார். பொறுக்கியதற்குக் கணக்கே இல்லை. என் தாளிலும் அந்த வேலைக்கு ஒரு வரி இல்லை.

மறுபடி போட்டேன். 40 வேகத்தில் ஓட்டினால், பார்த்துப் பார்த்துச் சங்கிலியில் அடுக்க இரண்டு பேர். அப்போதும் ஒரு துண்டுக்கு மூன்று வினாடிதான் கிடைக்கும். வெளியே வருவதைப் பார்த்துப் பெட்டியில் அடுக்க ஒருவர். துண்டுக் கூலி போய் நாள் கூலி. மொத்தம் மூன்று பேர்.

"அப்ப பெரியக்கா?" என்றார் அம்மா. பெரியக்காதான் அங்கே மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர், அங்கே மெஷின் வந்ததும் இங்கே வந்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாது. மூன்று வினாடியில் கருகின பருப்பைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது.

மூன்று சைஸில் பெரியதை மட்டும் கையிலேயே போடலாம், இன்னொரு மடிப்புப் பெட்டி வாங்கும் செலவும் மிச்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப்படி அது சரிதான், இரக்கத்துக்காக எழுதவில்லை. ஆனால் பெரியக்கா இல்லாவிட்டால் அப்படி ஒரு கணக்கு போட்டுப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அண்ணாச்சி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "பாப்போம்" என்றார். மெஷின் இன்னும் வரவில்லை.

உங்களில் மிட்டாய், பேக்கரி தொழிலில் யாராவது இருந்தால், தேங்காய்த் துருவல் தாடையில் சிக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெரியக்காக்களுக்கு என்ன வழி செய்தீர்கள் என்பதையும்.