போலின் ஆற்றங்கரை ஆலை

இங்கிலாந்திலே மாஞ்செஸ்டர் நகருக்குத் தெற்கே ஸ்டையல் என்னும் சிற்றூரில், போலின் ஆற்றங்கரையில் ஒரு பழைய நூற்பாலை இருக்கின்றது. குவாரி பாங்க் என்பது அதன் பெயர். பெல்பாஸ்டில் பிறந்த சாமுவேல் கிரெக் என்னும் வணிகர் 1784-ஆம் வருஷத்தில் அதனை நிறுவினார். அவர் வழித்தோன்றல் ஒருவர் 1939-இல் அதனை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்புச் சபைக்கு வழங்கினார். பழுது நீக்கப்பெற்று, அது இன்று காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

நீர்ச் சக்கரத்தைக் காண்பதற்கென்றே நான் அங்குச் சென்றேன். கிரெக்கின் பெரிய சக்கரம் 32 அடி விட்டமுடையது. 1904 வரை உழைத்து ஓய்ந்தது. இப்பொழுதுள்ளது, யார்க்ஷயரில் வேறோர் ஆலையிலிருந்து கொணர்ந்து பொருத்திய சக்கரம். ஆற்றை அணையால் மறித்து, வாய்க்கால் வழியே நீரைத் திருப்பியிருக்கின்றனர். அந்நீரின் பாரத்தால் சக்கரம் அசைகின்றது. சக்கரத்தால் தண்டுகளும், தண்டுகளால் வார்களும், வார்களால் மாடிதோறும் யந்திரங்களும் சுழன்றனவாம். ஆற்றைக் கும்பிட்டதோடு நில்லாமல் அதனிடம் வேலையும் வாங்கியவர்களின் அறிவை மெச்சாதிருக்க என்னால் இயலவில்லை.

ஆலைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு வீடு இருக்கின்றது. 1790-இல் கட்டியது. அநாதை விடுதிகளிலிருந்தும் ஏழை விடுதிகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் பெற்ற பிள்ளைகளை அங்கே வைத்திருந்தனர். ஒரு காலத்தில் ஏறத்தாழ 90 பேர். காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை வேலை; காலை உணவுக்குப் பத்தே நிமிஷம். ஆயினும் அறைகள் சுத்தமாயிருந்தன, வைத்தியர் வந்தார், எழுத்தும் கற்பித்தனர். அக்காலத்து மற்ற ஆலைகளை நோக்க இது மேலானது என்று வழிகாட்டி கூறினார். நானும் தலையசைத்தேன். நம் தோட்டத்து லயங்களையும் பெரட்டுக்களத்தையும் நினைத்துக்கொண்டு, இவ்வளவேனும் செய்தார்களே என்றுகூட எண்ணினேன்.

அடுத்து அவர் கூறியது என்னை நிறுத்திற்று. 1806-இல் இரு பையன்கள் அவ்வீட்டினின்றும் ஓடிப்போயினர். ஒருவன் ஜோஸப் ஸெப்டன், வயது 17. மற்றவன் தாமஸ் பிரீஸ்ட்லி, வயது 13. யந்திரத்தில் சிக்கித் தாமஸின் இடக்கைச் சுட்டுவிரல் அறுபட்டது. புண் ஆறும்வரை ஆறு வாரம் படுத்திருந்தான்; அப்பொழுது தாயின் நினைவு வந்தது. இருவரும் லண்டன் சென்று தம் தாய்மாரைக் கண்டனர். பிடிபட்டு நீதிபதியின் முன் நின்றபொழுது, எஜமானர்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை என்றே ஜோஸப் வாக்குமூலம் கொடுத்தான். இருவரையும் ஆலைக்கே திருப்பி அனுப்பினர்.

டொமினிக்காத் தீவில் ஹில்ஸ்பரோ என்னும் கரும்புத் தோட்டமும் இதே கிரெக்கிற்கு உரியது. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். அச்செய்தியையும் அங்கே எழுதி வைத்திருக்கின்றனர். மறைக்கவில்லை, அது நன்று. ஆனால் என் மனம் அந்தப் பையனின் வாக்குமூலத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில் அச்சொல்லை நான் முன்பே கேட்டிருக்கின்றேன்.

மலாயாவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. என் பாட்டனார் அதற்குப் பின், கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறியவர். ஊரில் தாயார் நோயுற்றதாகக் கடிதம் வந்தபொழுது, கடன் தீரவில்லையென்று கங்காணி போகவிடவில்லை. இரண்டாம் கடிதம் ஈமச்சடங்கு முடிந்த செய்தியோடு வந்தது. இதனைக் கூறும்பொழுதெல்லாம், "துரை மட்டும் நல்லவர்" என்று முடிப்பார் பாட்டனார். நல்லவராயின் ஏன் விடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே, "அவரிடம் யார் கேட்டது?" என்றார்.