முடிக்காத கேம்களும் ஒரு சீஆர் கொப்பியும்



ஒரு வாத்தியார் கேம் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை. போன தவணை விடுமுறையில் என் வீட்டில் நடந்ததைச் சொன்னால், பிள்ளைகள் உள்ள சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மூத்த மகன் தரம் 9. இஷாவுக்குப் பிறகு உம்மாவின் போனை எடுத்தால் ஃப்ரீ ஃபயர்தான். ஒருநாள் இரவு பொறுமை இழந்து சத்தம் போட்டேன். "கணக்குக் கொப்பியும் பாதி, ஓதலும் பாதி. தொடங்கின ஒண்டையாவது முடிச்சிரிக்கியா?" என்று கேட்டேன். அவன் திருப்பிப் பேசுகிற பிள்ளையில்லை. அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்:

"உங்கட லெப்டொப்புல இரிக்கிற கேம்ல எத்தினைய முடிச்சீங்க வாப்பா?"

குசினிக்குள் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குக் கேம் பழக்கம் கெம்பஸ் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் சேர்க்கும் நோய் பிடித்தது 2020இல்தான். நாடே ஊரடங்கில், பள்ளிவாசல்கள் பூட்டு, தராவீஹ் வீட்டில். அந்த நோன்பின் கடைசிப் பகுதியில் எபிக் ஸ்டோரில் ஜீடிஏ 5ஐ இலவசமாகக் கொடுத்தார்கள். உலகமே போய் விழுந்ததில் அவர்களுடைய தளமே கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. 90 ஜீபிக்கு மேல் வரும். நைட் டேட்டாவில் போட்டுவிட்டு, ஸஹருக்கு எழும்பும்போதெல்லாம் எத்தனை வீதம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். நாலு இரவு. இறங்கி முடிந்த பிறகு பார்த்தால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறக்கக்கூடிய சாமான் இல்லை அது. மூன்றாம் நாள் அழித்தேன்.

அடுத்த கிழமை சிவிலைசேஷன் 6 இலவசம். அதையும் எடுத்தேன். அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை எடுப்பதே ஒரு கடமை மாதிரி ஆகிவிட்டது. பட்டனை அமத்த 10 செக்கன் போதும். அந்த 10 செக்கனில் பாதி விளையாடிவிட்ட சந்தோஷம் வந்துவிடும். புத்தகக் கண்காட்சியில் வாங்கி அலுமாரியில் அடுக்குகிறோமே, அதே கதைதான்.

மகன் கேட்ட அன்றிரவே எண்ணிப் பார்த்தேன். 137 கேம். முடித்தது 4.

அடுத்த நாள் பாவித்து மிச்சமாய்க் கிடந்த ஒரு சீஆர் கொப்பியை எடுத்தேன். மகனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கோடு போட்டது அவன்தான்: பெயர், முடிக்க எத்தனை மணித்தியாலம், எங்கே நிற்கிறது, முடிந்த திகதி. முதல் வேலை வெட்டுவது. இனிமேல் தொடவே மாட்டேன் என்று மனசுக்குத் தெரிந்ததையெல்லாம் பட்டியலில் ஏற்றவே இல்லை. இலவசமாக வந்ததைக் கைவிடக்கூட மனிதனுக்கு இவ்வளவு கஷ்டமா என்று அன்றுதான் விளங்கியது. 137 கடைசியில் 22 ஆனது.

மணித்தியாலக் கணக்குத்தான் என் கண்ணைத் திறந்தது. ஹவ் லோங் டு பீட் என்று ஒரு தளம் இருக்கிறது. விளையாடி முடித்தவர்கள் தங்களுக்கு எடுத்த நேரத்தை அதில் பதிவார்கள். த விட்சர் 3இன் பிரதான கதைக்கு மட்டும் 50 மணித்தியாலம் வரை போகும். எனக்குக் கிடைப்பது வெள்ளியும் சனியும் இரவில் ஒன்றரை ஒன்றரையாகக் கிழமைக்கு 3 மணித்தியாலம். வகுத்துப் பாருங்கள், 17 கிழமை. ஒரு தவணையை விடக் கூட! செலெஸ்ட் என்றால் 8 மணித்தியாலம், மூன்று கிழமைக்குள் முடியும். பரீட்சையில் தெரிந்த சின்னக் கேள்வியை முதலில் செய் என்று பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகச் சொல்கிறேன். நான் எப்போதும் பெரிய கேள்வியில் கை வைத்துவிட்டு வெறும் தாளோடு எழும்பி வந்திருக்கிறேன்.

"எங்கே நிற்கிறது" என்ற பகுதி எங்கள் பாடக் குறிப்புப் புத்தகத்திலிருந்து வந்தது. விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனால் போன தவணை எதுவரை படிப்பித்தோம் என்று அதைத்தானே பார்க்கிறோம். கேமுக்கு அது இல்லாததால் நான் பட்ட பாடு இருக்கிறதே! விட்சரில் வெலன் என்ற சதுப்பு நிலப் பகுதி வரைக்கும் போய், பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்து விட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்துத் திறந்தால் எந்தப் பட்டன் எதற்கென்றே தெரியவில்லை. இரண்டு நிமிஷத்தில் செத்தேன். சரி, முதலிலிருந்து தொடங்குவோம். இப்படியே ஆரம்பத்தில் வரும் வைட் ஓர்ச்சட் கிராமத்தை மூன்று தரம் பார்த்துவிட்டேன். அந்த ஊர் ஆட்களைவிட எனக்கு அந்த ஊர் நல்லாத் தெரியும். இப்போது நிறுத்தும்போது இரண்டு வரி எழுதுகிறேன்: அடுத்துப் போக வேண்டிய இடம், மறந்துபோகக்கூடிய பட்டன். அவ்வளவுதான்.

இடையில் மகன் கேட்டான்: "ஃப்ரீ ஃபயரையும் எழுதவா வாப்பா?"

எழுதச் சொன்னேன். பெயர் எழுதினான். மணித்தியாலத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. ஒரு மெட்ச் 10 நிமிஷம் வரைதான். ஆனால் அடுத்த மெட்ச் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது. சீசன் முடிந்தால் கஷ்டப்பட்டு ஏறின ரேங்க் கீழே இறங்கிவிடும், திரும்பவும் ஏற வேண்டும். "இதுக்கு முடிவே இல்லியே" என்றான். ஒரு கோடு போடு என்றேன், போட்டான்.

நான் இவ்வளவு நாளும் "எவ்வளவு நேரமாக விளையாடுறாய்" என்று மட்டும்தான் சண்டை பிடித்திருக்கிறேன். முடிவே வைக்காமல் செய்த ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டிருக்கிறேன். ஹலால் ஹராம் பேச நான் ஆலிம் இல்லை. காசு கட்டி டயமண்ட் வாங்கும் விவகாரத்தை ஆலிம்களிடமே கேளுங்கள்.

அந்த விடுமுறையில் மகனுக்குச் செலெஸ்ட்டைக் கொடுத்தேன். ஒரு பிள்ளை தனியாக மலை ஏறும் கதை. பழைய லெப்டொப்பிலும் ஓடும். ஆனால் லேசு இல்லை. ஒரு அத்தியாயம் முடியும்போது எத்தனை தரம் செத்தாய் என்று கணக்குக் காட்டும். கஷ்டப்படுகிறவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. அதைப் போடு என்று சொல்லிப் பார்த்தேன், ரோசக்காரன் மறுத்துவிட்டான். நான் போட்டுத்தான் விளையாடினேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பாடசாலை தொடங்க முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். மொத்தம் 1,846 தரம் செத்திருந்தான். அடுத்ததாக ஏதாவது கேட்பான் என்று பார்த்தேன். லெப்டொப்பை மூடிவிட்டு, சீஆர் கொப்பியில் திகதியைப் போட்டுவிட்டு, சாப்பிடப் போய்விட்டான்.

ஃப்ரீ ஃபயரை விட்டுவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். சனிக்கிழமைகளில் வகுப்புப் பொடியன்மாரோடு இன்னமும் விளையாடுகிறான். கூட்டாளிமார் அங்கேதான் இருக்கிறார்கள், என்ன செய்ய? அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

கொப்பியில் முடிந்தது இப்போது 7. அடுத்தது எ ஷோர்ட் ஹைக், இரண்டு மணித்தியாலம்கூட வராது. சின்ன மகள் தெரிவு செய்தது, அதில் ஒரு பறவை இருக்கிறதாம். விட்சர் இன்னமும் வெலனில்தான் நிற்கிறது. எந்தப் பட்டன் எதற்கென்று எழுதி வைத்திருக்கிறேன்.