தம் கட்டாத குளியாள்

அரபு மொழியில் முத்துக் குளிப்பவரைக் 'கவ்வாஸ்' என்பர். நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஏவல் செய்தோருள் கட்டடம் எழுப்புவோரோடு இவர்களையும் திருக்குர்ஆனின் ஸாத் அத்தியாயம் குறிப்பிடுகிறது. இச்சொல்லைப் பாடம் நடத்தும்போதெல்லாம் கீழக்கரைக் குளியாட்களையே நாம் எடுத்துக்காட்டி வந்தோம். ஸ்ரீபெரும்புதூரில் ஏரி உண்டு, கடல் இல்லை. ஆதலின் மாணவர்க்கு அஃது ஏட்டுச் சொல்லாகவே நின்றது.

அம்மாணவருள் சிலர் இன்று ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். உடன் வேலை செய்வோரையும் சேர்த்துக்கொண்டு ஸ்கூபா மூழ்குதல் பழகியிருக்கின்றனர். அண்மையில் நம்மையும் கடலுக்கு அழைத்தனர். "ஹஜ்ரத் கூடப் போனால் போகட்டும்" என்று ஒரு மாணவரின் தாயார் சொல்லிவிட்டமையால் மறுக்க இயலவில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே சென்று மண்டபத்தை அடைந்தோம்.

மண்டபத்தின் தென்புறம் மன்னார் வளைகுடா; 1986இல் அமைந்த தேசியப் பூங்காவின் 21 தீவுகள் அப்பக்கத்தில் உள்ளன. நாம் இறங்கியது வடபுறத்துப் பாக்கு விரிகுடா. அன்று அலையின்றி ஏரி போலவே கிடந்தது. சில நூறு மீட்டர் தொலைவில் பவளப்பாறை. இளைஞர்கள் கரையிலிருந்தே நடந்தும் நீந்தியும் சென்றனர். நாம் வத்தையில் பின்தொடர்ந்தோம். வத்தையைச் செலுத்தியவர் கீழக்கரைப் பெரியவர். இளமையில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961இல் அவருடைய தகப்பனார் குளியாளாம்.

"எவ்வளவு நேரம் தம் கட்டுவீங்க, தம்பி?" என்று அவர் கேட்டார்.

"தம் கட்டவே கூடாது, சாச்சா!"

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் உண்மை அதுதான். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய கருவி, மூழ்கியவர் இருக்கும் ஆழத்து நீரழுத்தத்திற்கு ஈடாகவே காற்றைத் தருகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஐந்து மீட்டரிலும் அபாயம் உண்டு. முன்னோர் கல்லைக் கட்டி இறங்கியது தரைக்காற்றோடு. அது விரிந்தாலும் பழைய அளவைத் தாண்டாது. அவர்களைக் காத்த அடக்கமே இவர்களைக் கொல்லும். காற்றழுத்தக் கருவிகளோடு நாள்தோறும் பழகும் இப்பிள்ளைகளுக்கு இது நம்மைவிட விரைவில் விளங்கியிருந்தது.

அவர்கள் இருவர் இருவராக மூழ்கினர். குமிழிகளே நமக்குச் செய்தி. சிறிது நேரத்தில் ஓரிடத்துக் குமிழிகளில் ஒரு வரிசை நின்றது. பெரியவர் கோலைப் போட்டுவிட்டு எழுந்தார். நாம் அந்தத் தாயாரை நினைத்துக்கொண்டோம். மீண்டும் குமிழிகள் எழுந்தன. இரு தலைகளும் மிக மெதுவாக மேலே வந்தன.

நடந்தது இதுதான்: நம் மாணவரின் முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்துவிட்டது. மிரண்டு மூச்சை அடக்கியபடி மேலே பாயப் பார்த்தவரை, உடன் மூழ்கிய ஒடிசா இளைஞர் தோள்வாரைப் பற்றி நிறுத்தியிருக்கிறார். கண்ணுக்கு நேரே கண் வைத்து, மூச்சு விடும்படி கையால் காட்டி, அவர் விட்ட பின்னரே எழும்ப விட்டிருக்கிறார்.

முத்துக் குளிப்பவரின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான் என்பது கடற்கரை வழக்கு. தங்கை விதவையாவதை எவன் பொறுப்பான்? பெரியவர் அந்த ஒடிசாப் பிள்ளையை வத்தையருகே அழைத்து, உற்றுப் பார்த்தார்.

"நீ இவனுக்கு மச்சானா?"

அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். "இல்லை சாச்சா, பக்கத்து மெஷின்" என்றார்.