மேசையும் வாங்கும்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தல் முடிந்த மறுவாரம், முன்னர் என்னிடம் வரலாறு பயின்று இப்போது தாமும் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அதன் வசமாகியிருந்தன. "சேர், வடக்கிலை இடதுசாரியள் வென்றது இதுதானே முதற்றடவை?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையா என்னும் கம்யூனிஸ்டைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியை அவர் அறிந்திருக்கவில்லை. குற்றம் அவருடையதன்று, முப்பது ஆண்டுக்கு மேல் வரலாறு கற்பித்தும் அதனை வகுப்பறையில் ஒருநாளும் சொல்லாதவன் நான்.

அவர் போன பிறகு அந்த 159 என்னும் எண் என்னை விடவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரும் அதே எண்ணைப் பத்திரிகையிற் பார்த்திருக்கிறேன். அப்போது அது ஆசனங்களின் தொகையன்று. ஒரு மாநாட்டில் தோற்றுப்போனவர்களின் தொகை.

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு சுருட்டுக் கொட்டில் இருந்தது. எட்டுப் பத்துப் பேர் சம்மணமிட்டிருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். அவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது பள்ளிக்கூடப் பையனான என் வேலை. கூலி ஒரு தேத்தண்ணியும் கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும். 'தேசாபிமானி' வந்தால் அதனை முதற்பக்கத்திலிருந்து கடைசி வரி வரை வாசிக்கவேண்டும். அங்கே மூத்த தொழிலாளி ஒருவரை எல்லோரும் அண்ணர் என்றே அழைப்போம். எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் வாசித்த செய்தியை, வாசித்த நான் மறந்த பின்னும், அவர் மறப்பதில்லை.

அண்ணர் இளமையிலே தென்கரையோரப் பட்டினமொன்றில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் சுருட்டுக் கடையில் வேலை செய்தவர். கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் நடந்தபோது, சனங்கள் தெருவிலே மரங்களைத் தறித்து வீழ்த்தியதைக் கண்ணாற் கண்டவர். டட்லி சேனநாயக்கா பதவி துறந்த கதையைச் சொல்லும்போது அவர் கைகள் சுருட்டை விட்டுவிடும். 1958 கலவரத்தோடு உடுத்த துணியுடன் ஊர் வந்து சேர்ந்தவரும் அவரே. இந்த இரண்டையும் அவர் எப்படி ஒரே நெஞ்சில் வைத்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "அதே சனந்தான் தம்பி. ஐம்பத்துமூண்டிலை என்னோடை றோட்டிலை நிண்ட சனந்தான் ஐம்பத்தெட்டிலை கடையைக் கொளுத்தினது. என்னை ரண்டு இரவு கூரைக்குள்ளை ஒளிச்சு வைச்சதும் அதே சனந்தான்" என்றார். பின்னாளிற் பல தடித்த நூல்களைப் படித்தேன். இலங்கையின் வர்க்கமும் இனமும் பற்றி இவ்வளவு சுருக்கமாக எவரும் எனக்குச் சொல்லவில்லை.

1963இல் நான் பேராதனையில் மாணவன். அவ்வாண்டின் மேதினத்தை இடதுசாரிக் கட்சிகள் ஒன்றாகக் கொண்டாடின. ஹர்த்தாலின் பத்தாவது நிறைவு நாளாகிய ஆகஸ்ட் 12இல் இலங்கைச் சமசமாஜக் கட்சியும், கம்யூனிஸ்ட் கட்சியும், பிலிப் குணவர்த்தனாவின் மக்கள் ஐக்கிய முன்னணியும் ஐக்கிய இடதுசாரி முன்னணி என்னும் ஒரே அணியாகிக் கைச்சாத்திட்டன. 1960 ஜூலைத் தேர்தலில் இம்மூன்றும் பெற்றவை முறையே 12, 4, 3. பத்தொன்பது ஆசனங்களோடு ஒரு முன்னணி அரசைக் கவிழ்த்துவிட முடியாதுதான். ஆனால் முன்னணியின் பலம் சபைக்குள் இருக்கவில்லை. நகரத் தொழிற்சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் முதன்முறையாக ஒரே மேடையில் ஏறி, 21 கோரிக்கைகளை வகுத்து ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசின்முன் வைத்தன. எழுதுவினைஞரும் துறைமுகத் தொழிலாளியும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரே பட்டியலின் கீழ் வந்தது அதற்கு முன் நடவாத காரியம். 1964இன் தொடக்கத்திலே பொறளை இடைத்தேர்தலில் முன்னணியின் சார்பில் நின்ற விவியன் குணவர்த்தன வென்றபோது, அடுத்த அரசு நமதே என்று விடுதி அறைகளில் நாங்கள் மந்திரிசபை அமைத்துக்கொண்டிருந்தோம்.

என் அறைத் தோழன் மலைநாட்டவன். தகப்பனார் தேயிலைத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டுபவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களில் அந்தக் குடும்பமும் ஒன்று. அச்சட்டத்துக்கு எதிராகச் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் வாக்களித்ததை அந்தத் தகப்பன் மறக்கவில்லை. தோட்டத்திலே பெரிய சங்கங்கள் இருக்க, இடதுசாரிகளின் சிறிய சங்கமொன்றில் அங்கத்தவராகி, மாதந்தவறாமற் சந்தா கட்டி, அட்டையிற் கையொப்பம் வாங்கி வைப்பவர். 1964 மார்ச் 21இல் 21 கோரிக்கைகளுக்காகக் காலிமுகத்திடலில் நடந்த பெருங் கூட்டத்துக்கு அவரும் நாங்களும் ஒரே ரயிலிற் போனோம். கடலை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். மேடையில் யார் பேசினார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஊரிலே வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோவா பீகிங்கா என்ற தகராறிலே கம்யூனிஸ்ட் கட்சி பிளந்துவிட்டது. சண்முகதாசனின் தலைமையில் ஓர் அணி தனிக் கட்சியாயிற்று. வடக்கிலே துடிப்பான வாலிபர்களிற் பெரும்பாலோர் அவர் பக்கம். எங்கள் வாசிகசாலையில் ஸ்டாலினின் படத்தைக் கழற்றுவதா விடுவதா என்று தொடங்கிய வாக்குவாதம், ஒரு மாதத்துள் வாசிகசாலையையே இரண்டாக்கியது. ஓரணி மேசையை எடுத்துக்கொண்டு போயிற்று. மற்ற அணி இரண்டு வாங்குகளையும் வைத்துக்கொண்டது. வாங்கிலிருப்போருக்குப் பத்திரிகை வைக்க மேசையில்லை; மேசை வைத்திருப்போருக்கு இருக்க வாங்கில்லை. "மேசைக்கும் வாங்குக்கும் இடையிலை என்ன தம்பி கொள்கை வித்தியாசம்?" என்று அண்ணர் கேட்டார். நான் குருச்சேவைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுருட்டைச் சுற்றத் தொடங்கினார்.

இனி 1964 ஜூனுக்கு வருகிறேன். 21 கோரிக்கைகளால் நெருக்குண்ட அரசுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. பிரதமர் முன்னணியை அழைக்கவில்லை; டாக்டர் என். எம். பெரேராவை அழைத்தார். ஜூன் 6, 7ஆம் திகதிகளிற் கூடிய சமசமாஜக் கட்சியின் விசேட மாநாட்டின்முன் மூன்று பிரேரணைகள் வந்தன. அரசிற் சேர்வோம் என்பது என். எம். பெரேராவினது, சேர்வதானால் முன்னணி முழுவதும் சேரவேண்டும் என்பது கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன ஆகியோரது. சேரவே கூடாது என்பது எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு முதலியோரது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் முதலாவதை ஆதரித்தனர். இரண்டாவதற்கு 75 வாக்குகள். மூன்றாவதற்கு 159. கட்சி பிளந்தது. நான்காவது அகிலம் சமசமாஜக் கட்சியை வெளியேற்றியது. என். எம். நிதி மந்திரியானார், அனில் முனசிங்கவும் சோமண்ட்லி குணவர்த்தனவும் அவருடன் மந்திரிகளாயினர். கைச்சாத்திட்டு ஓராண்டு நிறையுமுன் முன்னணி முடிந்தது. 21 கோரிக்கைகளுக்காக ஒன்றுகூடிய தொழிற்சங்கங்களும் கலைந்தன.

நான் அந்த ஐந்நூற்றுச் சொச்சத்தின் கட்சி. மாநாட்டில் எனக்கு வாக்கில்லை. விடுதியிலோ வாக்கின்றியே வாய் இருந்தது. 1962 ஜனவரியிற் படையதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் சதிப்புரட்சிக்கு முயன்றதை எடுத்துக்காட்டினேன். இடதுசாரிகள் வெளியே நின்றால் பிற்போக்குச் சக்திகள் உள்ளே வரும் என்றேன். இந்த வாதம் முற்றாகப் பொய்யன்று என்றே இன்றும் கருதுகிறேன். அன்று அதனை ஏற்றவர்கள் யாவரும் பதவியாசை பிடித்தவர்களல்லர். முப்பதாண்டு சிறையும் தலைமறைவும் தோல்வியுமாக உழைத்துக் களைத்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

ஆனால் முன்னணி ஜூன் மாதத்திலே உடைந்தது என்று சொல்வது அவ்வளவு சரியன்று. அதன் கைச்சாத்திலேயே ஒரு வெடிப்பு இருந்தது. தனிச் சிங்களச் சட்டத்தை 1956இல் நிறைவேற்றிய மந்திரிசபையில் பிலிப் குணவர்த்தன அமர்ந்திருந்தார். ஒரு மொழியென்றால் நாடு இரண்டாகும் என்று அதே சட்டத்தை எதிர்த்து எச்சரித்தவர் கொல்வின். இருவருடைய கட்சிகளும் ஒரே பத்திரத்திற் கையொப்பமிட்டன. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தைத் தந்த பிலிப்பை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆயினும் மொழி விஷயத்தில் இவ்விருவரும் எங்கே சந்தித்தார்கள் என்ற கேள்வியைத் தமிழ் மாணவர்களாகிய நாங்கள் கேட்கவில்லை. ஒற்றுமை குலைந்துவிடும் என்று அஞ்சி வாய்மூடியிருந்தோம். பேசாமல் விட்டவை மறைந்துவிடவில்லை. மந்திரிப் பதவி வந்தபோது கைவிடுவதற்கு எளியவையாகக் கிடந்தன, அவ்வளவே. மொழிச் சமத்துவம் முதலிற் போயிற்று.

அடுத்தது விரைவில் வந்தது. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். பத்திரிகையை அறைக்குக் கொண்டுவந்தவன் என் தோழன். கட்டிலில் அமர்ந்து முழுவதையும் வாசித்தான். "என். எம். உள்ளுக்கு இருந்தா எங்க ஆளுகளுக்குப் பாதுகாப்புன்னு நீதானே சொன்ன?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது வாதிட்டிருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். மந்திரிசபையின் கூட்டுப் பொறுப்பு என்று ஏதோ சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்திக்கொண்டேன். அதன்பின் அந்த அறையில் நாங்கள் அரசியல் பேசவில்லை. பரீட்சைகளைப் பற்றியே பேசினோம்.

அந்த அரசும் நிலைக்கவில்லை. டிசம்பர் 3இல் சீ. பி. டி சில்வா பதின்மூவருடன் எதிர்க்கட்சி வரிசைக்குப் போக, அரசு 74க்கு 73 என ஒரே வாக்கினால் தோற்றது. கட்சியிலிருந்து பிரிந்துபோன எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அரசுக்கெதிராக வாக்களித்தவர்களுள் அடங்குவர். அதைத் துரோகமென்று அன்று கூக்குரலிட்டவர்களில் நானும் ஒருவன். யார் யாருக்குத் துரோகஞ் செய்தார் என்ற கணக்கை இப்பொழுது நான் பார்ப்பதில்லை. 1965 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. தன் கட்சியின் ஒரே உறுப்பினராக வென்ற பிலிப், டட்லியின் மந்திரிசபையிற் சேர்ந்தார். தமிழ்மொழி விசேட விதிகளை எதிர்த்து 1966 ஜனவரி 8இல் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் தெருவில் இறங்கினர். டட்லியின் வயிற்றிலே மசாலா வடை என்று செங்கொடியின் கீழே கோஷமெழுந்த காலம் அது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்தக் கோஷத்தை அண்ணருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவுமில்லை. "எனக்குச் சிங்களம் விளங்கும் தம்பி" என்றார்.

1970இல் மூன்று கட்சிகளும் மீண்டும் கூடி 116 ஆசனங்கள் பெற்றதும், 1972இல் பௌத்தத்துக்கு முதன்மையிடமும் சிங்களத்துக்கு அரியணையும் தந்த அரசியல் யாப்பை அதே கொல்வின் வரைந்ததும், 1975இற் சமசமாஜிகள் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டதும், 1977 ஜூலைத் தேர்தலில் சமசமாஜிகளிலோ கம்யூனிஸ்டுகளிலோ ஒருவரேனும் வெல்லாததும் வாசகர்கள் அறிந்தவை. அந்தத் தேர்தல் முடிவை அண்ணர் கேட்கவில்லை. அதற்கு முந்திய மாரியிற் காலமானார். மேசையும் வாங்குகளும் கடைசிவரை ஒன்றுசேரவில்லை. வாங்குகளிலொன்று பின்னர் சந்தித் தேத்தண்ணிக் கடையிற் கிடந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஐக்கிய முன்னணி ஆட்சியில் இருந்த நாட்களிலேதான் என் தோழனின் தகப்பனாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. நான் அப்பொழுது மலைநாட்டுப் பாடசாலையொன்றில் ஆசிரியன். தோழன் இங்கே தங்க, தாயும் தகப்பனும் தம்பிமாரும் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் அழைத்த அந்த ரயிலுக்கு வழியனுப்ப நானும் ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். மேடையெங்கும் அழுகுரல். பெரியவர் அழவில்லை. தகரப் பெட்டியின் அடியில் அரிசிக் கூப்பன்களோடு சங்கத்தின் சந்தா அட்டையையும் வைத்திருந்தார். அது எதற்கு என்று மகன் கேட்க, பணங் கட்டியது, எப்படி எறிவது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கொழும்புக்குக் கடல் பாக்கப் போனோமே தம்பி, அந்த இருபத்தொரு கோரிக்கை, அதுல எத்தன குடுத்தாங்க?" என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. போய் ஓராண்டுக்குள் மகனுக்கு எழுதுவித்த கடிதத்தில், குளிர் இங்குள்ளதைவிட அதிகமென்றும், அங்கேயும் ஒரு சங்கத்திற் சேர்ந்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். சந்தா மாதம் எவ்வளவு என்பதையும் எழுதியிருந்தார்.