கெட்டியும் தாங்குதலும்

சேலத்துக்காரன் என்றால் இரும்பு தெரிந்திருக்கும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். கஞ்சமலைத் தாதை நம்பி ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். 1982இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலைக்கோ துருப்பிடிக்காத தகட்டால்தான் பெயர். என் வீட்டுத் தாழ்வாரத்துச் சிறு லேத்துக்கு வேண்டிய கம்பியை நாமக்கல் பழைய இரும்புக் கடையில் பொறுக்குகிறேன். லாரிக்குக் கூடு கட்டும் ஊர். முறிந்த அச்சும் வில்லும் எடைக்குக் கிடைக்கும்.

பாங்கில் நாள் முழுதும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவன் நான். இரும்பும் கையெழுத்துப் போடும், சாணைக்கல்லில். கரி குறைந்த எம்.எஸ். கம்பி நீளமாக, அதிகம் கிளைக்காமல் பொறி விடும். கரி கூடக்கூடப் பொறி குறுகி, நுனியில் பூவாக வெடிக்கும். கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மேலே ஒரு பதம், உள்ளே ஒரு பதம். கடைசலுக்கு நம்பிக்கையில்லை.

சென்ற வருஷம், பொறி நன்றாகப் பூத்த ஒரு துண்டைக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, பின் தட்டி எடுக்கும் பஞ்ச் ஒன்று கடைந்தேன். மறுபடி செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முழுக்கத் தோய்த்தேன். அரம் வைத்தால் வழுக்கியது. பெருமையாக இருந்தது. மச்சினன் சுத்தியலால் ஓங்கித் தட்டிய முதல் அடியிலேயே தலை சிதறி, ஒரு சில்லு அவன் புருவத்தில் ஏறியது. அரை அங்குலம் கீழே கண்.

பட்டறை வைத்திருக்கும் மாமா உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். "கெட்டியா இருக்கறது வேற, தாங்கறது வேற மாப்ளே. தோய்ச்சதுக்கு மறுக்காச் சூடு காட்டோணும்."

வேறொரு துண்டை அவரே செய்து காட்டினார். நுனியை மட்டும் எண்ணெயில் தோய்த்தார். பிறகு பளபளவென்று தேய்த்து, மெல்லச் சூடேற்றினார். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ என்று நிறம் நகர்ந்து நுனிக்கு வந்தது. அதோடு நிறுத்தினார். அடி வாங்கும் தலையைத் தோய்க்கவே இல்லை.

அந்த மாதம்தான் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதி அனுப்பியிருந்தேன். வரிகளில் இறுக்கம் இல்லை என்று ஐந்து இடங்களில் சொல்லியிருந்தேன். நெகிழ்ந்த இடங்கள் எதைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று ஓரிடத்திலும் பார்க்கவில்லை. கட்டுரையை நிறுத்தச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். இதழ் அச்சாகிவிட்டிருந்தது.

மச்சினனின் தழும்பு மங்கிவிட்டது. அந்த இளைஞரின் கவிதையை அதன்பின் எந்த இதழிலும் நான் பார்க்கவில்லை.