பிள்ளைகளோடு ஓடுவோம்: இராயபுரம் முதல் எண்ணூர் வரை



ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தின் ஒரு விடியற்பொழுதில் சென்னை நேப்பியர் பாலத்தருகே பல்லாயிரம் பேர் மாரத்தான் ஓட்டத்திற்காகத் திரள்கின்றனர். தந்தையும் மகனும், தாயும் மகளுமாக ஓட வருவோரையும் அக்கூட்டத்தில் காணலாம். ஆனால் ஓட்டம் தொடங்கியதும் கூட்டம் தெற்கு நோக்கிச் சென்றுவிடுகிறது. அதே பாலத்திற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இராயபுரமும், அதற்கப்பால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கரையும் அதன் முதுகுப்புறமாகவே நின்றுவிடுகின்றன. இப்பகுதியில் வாழும் நம் குடும்பத்தார் பிள்ளைகளோடு ஓடிப் பழக விரும்பினால் எங்கே ஓடுவது? எப்போது ஓடுவது? இக்கேள்விகளோடு இந்தக் கரையைச் சற்றே சுற்றி வருவோம், வாருங்கள்.

ஓடுவதா, அதுவும் இந்த வயதிலா, என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. முதன்முறை வென்றவர் அன்னையார். பின்னொரு நாள் வென்றவர்கள் நபியவர்கள். அப்பாஸ் (ரலி) அவர்களின் சிறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, என்னிடம் முதலில் ஓடி வருபவருக்கு இன்னது தருவேன் என்று கூறி அழைத்ததும், பிள்ளைகள் ஓடி வந்து அவர்கள் மேல் விழுந்ததும் பதிவாகியுள்ளன. ஓரமாக நின்று கைதட்டுவதோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுவதில்லை.

இராயபுரத்திலிருந்து தொடங்குவோம். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட நிலையம் இங்கேதான் உள்ளது. கடலும் அருகிலேயே உள்ளது. ஆனால் கால் பதித்து ஓடுவதற்கு மணல் எங்கே? மெரினாவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாக இருக்க, இங்கு மட்டும் ஏன் கருங்கற் குவியல்?

இதற்கு விடை துறைமுகத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி உருட்டிச் செல்கின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் எழுப்பத் தொடங்கினர். வடக்கே சென்ற மணல் அச்சுவரில் முட்டி, தென்புறத்திலேயே தங்கிற்று. அவ்வாறு அகன்ற கரையில்தான் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா உலாச்சாலையை அமைத்தார். வடபுறத்திற்கோ மணல் வரத்து நின்றது. அலைகளோ அரிப்பதை நிறுத்தவில்லை. இராயபுரம் முதல் வடக்கே குப்பம் குப்பமாகக் கரை கடலுக்குள் போயிற்று. தெருக்கள் போயின, வீடுகள் போயின. மெரினாவில் பிள்ளைகள் ஓடி விளையாடும் மணலில் ஒரு பங்கு இராயபுரத்துப் பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டியது எனலாம். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினர். பின்னர் தூண்டில் வளைவுகள் அமைத்தனர். அவ்வளைவுகளின் இடையே சில இடங்களில் இப்போது சிறு மணற்பரப்புகள் ஒதுங்கியுள்ளன. குழந்தைகள் வெறுங்காலோடு ஓட அவையே ஏற்றவை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சில நூறு அடிகள்தாம். சென்று திரும்பி, சென்று திரும்பி ஓட வேண்டியதுதான்!

கடலையொட்டிய எண்ணூர் விரைவுச்சாலையைப் பார்த்ததும் ஓடத் தோன்றும். வேண்டாம். துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் பாதை அது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கடப்பதே பெரும்பாடு. மாநகராட்சி விளையாட்டுத் திடலையோ, அனுமதி கிடைத்தால் பள்ளி மைதானத்தையோ நாடுங்கள்.

தண்டையார்பேட்டையைக் கடக்கும்போது சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களை நினையாமல் இருக்க இயலுமா? தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அவர்களை மக்கள் தொண்டியார் என்று அழைத்ததால்தான் ஊருக்கே இப்பெயர் என்று கூறும் வழக்கு உண்டு. அடுத்துச் சற்று வடக்கே காலடிப்பேட்டை. ஓடுவோருக்குப் பொருத்தமான பெயர் என்று மகிழ வேண்டாம். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு, மக்கள் நாவில் காலடியாகிவிட்டது!

இனி, எப்போது ஓடுவது? சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஓடுங்கள் என்பதே பொதுவான அறிவுரை. இப்பகுதியில் அதை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியும் வரை காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது மணலி. 1969இல் அங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. உரம், வேதிப்பொருள் ஆலைகளும் அங்கு உள்ளன. குளிர்காலத்து அதிகாலையில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமைந்துவிட, புகை எழ வழியின்றித் தாழ்வாகத் தங்கிவிடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகக் காற்றை இழுக்கின்றனர். ஓடும்போது வாயாலும் இழுக்கின்றனர். எனவே பனிமூட்டமும் நெடியும் உள்ள நாளில் வீட்டிலேயே கயிறு தாண்டட்டும். கடற்காற்று எழுந்த பின், அஸர் தொழுகை முடித்து ஓடுவதே பெரும்பாலான மாதங்களில் நலம். இளைப்பு உள்ள பிள்ளையாயின் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

முறை எளிது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இருபது நிமிடத்திற்கு மேல் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் போதும். ஓடிக்கொண்டே பேச இயல வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் மிகுதி என்று பொருள். வீட்டின் கடைக்குட்டி எவ்வேகத்தில் ஓடுகிறதோ அதுவே அனைவரின் வேகம். மூத்தவனுக்கு இது பிடிக்காது! அவனுக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். பெண்மக்களை விட்டுவிடாதீர்கள், தளர்ந்த பருத்தி உடையும் நல்ல காலணியும் அணிந்து தாயும் உடன் ஓடினால், தெருவின் பார்வை ஒரு மாதத்தில் பழகிவிடும். ரமலானில் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு நடை மட்டும் போதும்.

எண்ணூருக்கு வந்துவிட்டோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் இது. 2017 ஜனவரியில் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அக்கழிவு கரை நெடுகிலும் ஒதுங்கிற்று; அதை மக்கள் வாளி கொண்டு அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் வந்து படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றிற்குக் கடலடி வழியாகச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் பகுதியில் உறங்கியோர் கண்ணும் தொண்டையும் எரிய எழுந்தனர். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் இருளில் சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

பிள்ளைகளை ஓடப் பழக்குவது இத்தகைய இரவுக்காக என்று கூற மனம் ஒப்பவில்லை. அவ்விரவு வராமல் காப்பது ஆலையின் பொறுப்பும் அரசின் பொறுப்பும் ஆகும். ஆயினும் இங்கு வாழும் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஆகவே ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்று வீசும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகுங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் தானே ஓடும், எதைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்பது உடன் ஓடிய பெற்றோருக்குத் தெரிந்திருக்கும்.

எண்ணூரில் ஓடுவதற்கு மாலை வேளையும் முகத்துவாரப் பக்கத்து மணலும் ஏற்றவை. நீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். இருட்டுமுன் கிளம்பினால் எண்ணூர் நிலையத்திலிருந்து மின்சார இரயில் உண்டு. கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் வழியாக இராயபுரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.