தலையைத் தாங்கும் கழுத்து

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சிரசைத் தாங்கி நிற்கும் கழுத்தைப் பற்றியோ நாம் அதிகம் எண்ணுவதில்லை. நோர்வே நாட்டு மூதாட்டிக்கும், வங்காள தேசத்துச் சுமைகூலிக்கும், யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளிக்கும் கழுத்தெலும்புகள் ஏழே. ஆயினும் அவை முறியும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டைச் சற்று ஆராய்ந்தால், கழுத்து முறிவு வெறும் தலைவிதியன்று என்பது புலனாகும்.

முதலில் நோர்வேயை நோக்குவோம். 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு வைத்தியர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறக்குறைய 12 பேருக்குக் கழுத்தெலும்பு முறிகின்றது. அவர்களுள் ஐவரில் மூவர் விழுந்து காயமுற்றவர்கள்; மோட்டார் வாகன விபத்திற் சிக்கியோர் ஐவரில் ஒருவரே. முதுமையில் எலும்பு வலுவிழக்கின்றது. கழுத்தின் கீழ்ப்பாகம் இறுகிவிடுகின்றது. ஆகவே, படியில் இடறி நெற்றி தரையில் மோதினாலும், அத்தாக்கம் மேற்கழுத்திற் சென்று சேர்கின்றது. இரண்டாம் எலும்பிலே பல்லைப்போல் நிமிர்ந்து நிற்கும் முளை முறிந்துவிடுகின்றது.

வங்காள தேசத்தின் கதை வேறு. 1979ஆம் ஆண்டில் வலரி டெயிலர் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஆரம்பித்த புனர்வாழ்வு நிலையமொன்று டாக்காவுக்கு அண்மையிலுள்ள சாவாரில் இயங்குகின்றது. அங்கு வருவோரிற் பலர் உழைக்கும் வயதினர். மரத்திலிருந்து விழுந்தோரும், தலையிற் பாரச் சுமையுடன் கால் வழுக்கி விழுந்தோரும் அவர்களுள் அடங்குவர். சும்மாட்டின் மேலிருக்கும் மூட்டை, விழும்பொழுது கழுத்தை மடித்து நெரிக்கின்றது. வயிற்றுப் பாட்டுக்காகச் சுமந்த பாரமே வாழ்வை முடக்கிவிடுகின்றது.

நம் நாட்டிலோ பனையும் தென்னையும் உண்டு. தளநாரைக் காலிற் பூட்டி, வானளாவிய பனையில் விறுவிறென்று ஏறுவோரைச் சிறு பராயத்தில் அண்ணாந்து பார்த்து வியந்திருக்கின்றேன். அவர்தம் உயிர் ஒரு பிடியில் தொங்குகின்றதென்ற எண்ணம் அப்பொழுது எழவில்லை. உயரத்திலிருந்து விழுவோருக்கு முதுகெலும்பு முறிவதுமுண்டு. கழுத்து முறிந்து உள்ளிருக்கும் நரம்பு வடம் சிதைந்தாலோ, கால்களுடன் கைகளும் செயலிழக்கக்கூடும்.

ஆகவே பரிகாரமும் இடத்திற்கேற்றதாதல் வேண்டும். சுமை தூக்குவோனுக்குத் தள்ளுவண்டியும், மரமேறுவோனுக்கு இடுப்புக் கச்சையும், முதியோருக்குப் படிக்கட்டிற் கைப்பிடியும் இராவிளக்கும் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நம் நாட்டில் 60 வயதை அடைந்தோர் நூற்றுக்குப் பன்னிருவர் ஆகிவிட்டனர். நோர்வேயின் துன்பம் நம் முற்றத்திற்கும் வருமென்பதில் ஐயமில்லை.

எனினும் எந்நாட்டிற்கும் பொதுவானதொன்றுண்டு. எலும்பு முறிந்த எல்லோருக்கும் நரம்பு வடம் சிதைவதில்லை. தப்பியிருந்த வடத்தை, விழுந்தவரைக் கையுங்காலுமாகத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்திருத்தும் அவசரம் சிதைத்துவிடக்கூடும். அன்பினாற் செய்யும் காரியமே தீராத ஊனமாக முடியலாம்.

இதனை ஒவ்வொரு வீட்டாரும், சிறப்பாக மாணவரும், மனத்திற் பதித்தல் நன்று. விழுந்தவர் கழுத்து நோகின்றதென்றாலோ, கை கால் விறைக்கின்றதென்றாலோ, அவரை எழுப்பி இருத்தலாகாது, தலையைத் திருப்பலாகாது. நெருப்புப் போன்ற ஆபத்து இல்லையேல் கிடந்த இடத்திலேயே கிடக்கவிட்டு, ஒருவர் இரு கைகளாலும் தலையை அசையாது பிடித்திருக்க, மற்றவர் 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் ஆரம்பமான அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அது வந்து சேரும்வரை அசைக்காமல் காத்திருப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி.